புல்லட் ஓட்டினால் போதுமா, மருத்துவரிடமும் போக வேண்டுமா?

முன்னாள் படைவீரர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்துக்கு இந்த வாரம் பதில் எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு வயது 52. வட தமிழகத்தில், வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போன ஊர் அவருடையது. 19 வயதில், ராணுவத்தின் வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் வண்டி மெக்கானிக்காகச் சேர்ந்து, 24 ஆண்டுகளுக்குப் பிறகு ஹவில்தாராக ஓய்வு பெற்றார். காஷ்மீரில் இரண்டு முறை பணி. இரண்டாவது முறை, ஒரு காலையில் லாரி ஒன்று கிளம்ப மறுத்து நின்றது. டீசல் குழாயில் காற்று அடைத்திருந்தது. இவர்தான் அதைச் சரிசெய்து கான்வாயில் சேர்த்து அனுப்பினார். ஒரு மணி நேரத்துக்குள் அந்த லாரி கண்ணிவெடியில் சிக்கியது. இறந்துபோன ஓட்டுநர் பக்கத்துத் தாலுகாக்காரர், பிள்ளைகள் சிறியவர்கள். “நான் சரிசெய்யாமல் விட்டிருந்தால் அந்த வண்டி முகாமிலேயே கிடந்திருக்கும்” என்று எழுதுகிறார்.

இப்போது ஒரு வங்கியில் காவலாளியாக இருக்கிறார். சொந்த உரிமத்தில் இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருக்கிறார். இரவில் மூன்று மணி நேரம் தூங்கினால் அதிகம். கனவு, அலறல், தீபாவளி வந்தால் வீட்டை விட்டே போய்விடுவது என்று நெடுங்காலமாக இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் பழைய இரும்புக்கடையிலிருந்து 350 சி.சி. புல்லட் ஒன்றை வாங்கி, வீட்டையொட்டிய கொட்டகையில் வைத்துப் பிரித்துக் கோத்தார். அதைப் பார்த்து வேறு சில முன்னாள் படைவீரர்களும் தங்கள் வண்டிகளைக் கொண்டுவந்தார்கள். இப்போது ஞாயிறுதோறும் ஏழெட்டுப் பேர் ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ போய்வருகிறார்கள். “வண்டிக்கு முன்னால் உட்கார்ந்தால் தலைக்குள் இருக்கும் சத்தம் அடங்கிவிடுகிறது” என்கிறார்.

மனைவி மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறார், வண்டியை விற்கவும் சொல்கிறார். கல்லூரியில் படிக்கும் மகள் வண்டியில் பின்னால் உட்கார மறுக்கிறாள். இவரோ, மோட்டார் சைக்கிள் ஓட்டினால் மன அழுத்தம் குறையும் என்று அமெரிக்க ஆய்வு நிரூபித்துவிட்டதாக நண்பர் அனுப்பிய செய்தியைக் காட்டி, இனி மருந்து எதற்கு என்று கேட்கிறார். மனநல மருத்துவரிடம் போனால் பென்ஷன் நின்றுவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. சேமிப்பிலிருக்கும் ஆறு லட்சத்தைப் போட்டு, அந்தக் கொட்டகையை முன்னாள் படைவீரர்களுக்கான இலவசப் பட்டறையாக மாற்றலாமா என்பது கடைசிக் கேள்வி.

ஹவில்தார் ஐயா,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வண்டியை விற்க வேண்டாம். கடிதத்தை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் நீங்கள் விவரித்திருப்பவை, போர்முனையிலிருந்து வந்தவர்களிடம் மனநலப் பணியில் இருக்கும் நாங்கள் அடிக்கடி காணும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாற்றின் அறிகுறிகளோடு பெரிதும் ஒத்துப்போகின்றன. இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. புல்லட்டை வைத்துக்கொண்டே அந்தச் சிகிச்சையை எடுக்கலாம், எடுக்க வேண்டும். ஏன் இரண்டும் வேண்டும் என்பதைத்தான் இந்தப் பதிலில் சொல்லப்போகிறேன்.

கொட்டகையில் உண்மையில் என்ன நடக்கிறது

நீங்கள் உணர்வது கற்பனை அல்ல. டப்பெட், அதாவது எஞ்சின் வால்வுகளை இயக்கும் பாகத்தின் இடைவெளி, சரிபார்ப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். பிஸ்டனை மேல் நிலைக்குக் கொண்டுவந்து, புஷ்ராடை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்து உருட்டிப் பார்ப்பீர்கள். தடையில்லாமல் உருள வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. அந்த மயிரிழை வித்தியாசத்தை விரல்நுனி தேடும் நேரத்தில் மனம் காஷ்மீருக்குப் போக முடியாது. கவனம் முழுவதும் இந்த இடத்தில், இந்த நொடியில் நிற்கிறது. மனப் பயிற்சிகளில் நாங்கள் வெகுநாள் பாடுபட்டுக் கற்றுக்கொடுப்பதும் இதைத்தான். உங்கள் கைகளுக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது.

அதோடு, வண்டியின் கோளாறுக்கு ஒரு முடிவு உண்டு. பிளக்கில் பொறி வரவில்லை என்றால் காரணம் எங்கேயோ இருக்கிறது, தேடினால் கிடைக்கும், சரிசெய்தால் கிக்கரை ஒரு மிதி மிதித்ததும் பதில் தெரிந்துவிடும். பணியில் உங்களுக்கு இருந்த மதிப்பும் இந்தக் கைவேலையால் வந்ததுதான். ஓய்வு பெற்ற மறுநாளே அந்த மதிப்பு கைநழுவிப்போன வலியை எத்தனையோ பேர் என் முன்னால் உட்கார்ந்து சொல்லி அழுதிருக்கிறார்கள். உங்களுக்கு அது கொட்டகையில் திரும்பக் கிடைத்திருக்கிறது.

மூன்றாவதாக, அந்த ஏழெட்டுப் பேர். எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தால் வாய் திறக்காத ஆண்கள், பக்கத்தில் பக்கத்தில் குந்தி ஒரே எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பேசிவிடுகிறார்கள். ஆர்.ஓ.பி. (சாலையைச் சோதித்து வழி திறக்கும் படைக்குழு) என்றால் என்ன, எல்.ஏ.டி. (படையோடு இருக்கும் சிறு பழுதுபார்ப்புப் பிரிவு) என்றால் என்ன என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இந்தத் தோழமை உங்கள் ஊரில் மட்டும் முளைத்ததல்ல. இரண்டாம் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்க வீரர்கள் பலர் மோட்டார் சைக்கிள் குழுக்களில் ஒன்றுசேர்ந்தார்கள். வியட்நாம் போரில் பிடிபட்டவர்களையும் காணாமல் போனவர்களையும் நாடு மறந்துவிடக் கூடாது என்று 1988இல் முன்னாள் வீரர்கள் வாஷிங்டனுக்கு வண்டிகளில் அணிவகுத்துப் போனார்கள். அது பின்னர் ஆண்டுதோறும் நடந்தது. போர்க்களம் கண்டவர்களுக்கென்றே 2001இல் அங்கே ஒரு மோட்டார் சைக்கிள் சங்கமும் உருவானது. நம் பக்கம் பார்த்தால், புல்லட் தமிழ்நாட்டில் தயாராகத் தொடங்கியதே ராணுவத்தின் வழியாகத்தான். எல்லைக் காவலுக்கு ராணுவம் அதைத் தேர்ந்தெடுத்த பிறகு, 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் வண்டிகள் உருவாகின. குடியரசு தின அணிவகுப்பில் சிக்னல்ஸ் படையின் டேர்டெவில்ஸ் குழு வண்டிமேல் கோபுரம் கட்டி நிற்பதைப் பார்த்துத்தான் பட்டாளத்துக்குப் போக ஆசைப்பட்டேன் என்று சொன்னவர்கள் உண்டு.

ஆகவே உங்கள் கொட்டகையை நான் பொழுதுபோக்கு என்று ஒதுக்கமாட்டேன். உங்களை இத்தனை நாள் நிமிர்த்தி வைத்திருப்பது அதுதான்.

அமெரிக்க ஆய்வு சொன்னதும் சொல்லாததும்

நண்பர் அனுப்பிய செய்தியில் இருக்கும் ஆய்வு உண்மையானது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வாளர்கள் செய்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட அனுபவமுள்ளவர்களை 20 நிமிடம் மோட்டார் சைக்கிள் ஓட்டவைத்து அளந்தார்கள். இதயத் துடிப்பு 11 சதவீதமும் அட்ரினலின் 27 சதவீதமும் கூடின, மன அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன் அளவீடு 28 சதவீதம் குறைந்தது. ஆனால் அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் போர் அதிர்ச்சியால் அவதிப்படும் நோயாளிகள் அல்லர். ஓட்டும் நேரத்தையொட்டி உடலில் என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்த்தார்கள், அன்றிரவு தூங்கினார்களா என்று பார்க்கவில்லை. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஹார்லி டேவிட்சன் நிறுவனம். இதனால் ஆய்வு பொய்யாகிவிடாது. மருந்துக்குப் பதில் மோட்டார் சைக்கிள் என்று மட்டும் அதிலிருந்து முடிவு கட்ட முடியாது.

இதே அமெரிக்காவிலிருந்து இன்னொரு கணக்கையும் நண்பருக்கு அனுப்புங்கள். 2008 அக்டோபருக்கு முந்தைய ஓராண்டுக் காலத்தில் அமெரிக்காவின் மரைன் படையைச் சேர்ந்த 25 வீரர்கள் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார்கள். அதே காலத்தில் இராக்கில் சண்டையில் இறந்த மரைன்கள் 20 பேர். போர்முனையின் பரபரப்புக்குப் பழகிய உடல், வந்த பிறகும் அதைத் தேடுகிறது. அதிவேக வண்டி அந்தப் பசிக்குச் சட்டென்று தீனி போடுகிறது.

வண்டி உங்களுக்கு எங்கே உதவுகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதற்கான சான்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. “சரிசெய்த வண்டியை உடனே கொடுக்க மனம் வருவதில்லை, முடுக்கிய நட்டையே நாலு முறை முடுக்கிப் பார்க்கிறேன்” என்கிறீர்கள். ஒரு நண்பரின் வண்டியைப் பதினைந்து நாள் வைத்திருந்து கொடுத்துவிட்டு, அவர் வீடு சேர்ந்தாரா என்று திரும்பத் திரும்பப் போன் செய்திருக்கிறீர்கள். ஐயா, அது தொழில் சுத்தம் மட்டும் அல்ல. கொட்டகைக்கு வரும் ஒவ்வொரு வண்டியும் உங்களுக்கு அந்த லாரியாகிவிடுகிறது. கைக்கு அமைதி கொடுக்கும் வேலை, வண்டியை ஒப்படைக்கும் நேரத்தில் பழைய காயத்தைக் கிளறிவிடுகிறது.

சாலையிலும் இதுதான். ஓரத்தில் ஒரு சாக்கு மூட்டையோ மண்குவியலோ கிடந்தால் உடம்பு தானாக வண்டியை ஒடித்துத் திருப்புகிறது. மகள் பின்னால் உட்கார மறுப்பதற்குக் காரணம் அப்படி ஒருநாள் நீங்கள் ஒடித்ததுதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அங்கே உங்களைக் காப்பாற்றிய பழக்கம், இங்கே பின்னால் வரும் பஸ்ஸின் முன் உங்களைத் தள்ளிவிடும். நாள் போனால் சரியாகிவிடும் என்று இதை விட்டுவிட முடியாது.

அந்த லாரியைப் பற்றி

கண்ணிவெடி இருக்கிறதா என்று சாலையைச் சோதித்து வழி திறந்துவிடுவது ஆர்.ஓ.பி.யின் வேலை. நின்றுபோன வண்டியை ஓடவைப்பது உங்கள் வேலை. அன்று காலை உங்களுக்குத் தெரிந்திருந்தது, டீசல் குழாயில் காற்று இருக்கிறது என்பது மட்டும்தான். வெடியைப் பற்றித் தெரிந்த பிறகு, அந்த அறிவை முன்தேதியிட்டு அன்றைய உங்கள் கையில் கொடுத்து, நீங்களே உங்களுக்குத் தண்டனை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் இப்படிச் சொன்னதால் பாரம் இறங்கிவிடாது. ஊரில் பலர் இதை உங்களிடம் சொல்லியிருப்பார்கள். சிகிச்சையில் இதை வேறு மாதிரி செய்கிறார்கள். பயிற்சி பெற்ற உளவியலாளரோடு உட்கார்ந்து, அந்தக் காலையை முதலிலிருந்து கடைசிவரை, நடுவில் விட்டு ஓடாமல், பல அமர்வுகளில் திரும்பத் திரும்பச் சொல்வது ஒரு முறை. அந்தச் சம்பவத்திலிருந்து நீங்கள் உருவாக்கிக்கொண்ட முடிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து எழுதி, ஆதாரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இன்னொரு முறை. வழக்கமாக வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு அமர்வுகளை ஒட்டி முடியும். முதல் சில வாரங்கள் கனவுகள் கூடக்கூடும், அதைப் பார்த்துப் பாதியில் நின்றுவிடக் கூடாது. செர்ட்ரலின் போன்ற மாத்திரையும் பலருக்கு உதவுகிறது. எல்லோருக்கும் முழுமையாகக் குணமாகும் என்று வாக்குறுதி கொடுக்கமாட்டேன். ஆனால் ஆண்டுக்கணக்கில் தூங்காதவர்கள் தூங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

போர் அதிர்ச்சி கோழைத்தனம் அல்ல என்பதை உலகம் ஒப்புக்கொள்ளவே நாளானது. வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர்களும் அவர்களைக் கவனித்த மருத்துவர்களும் விடாமல் போராடிய பிறகுதான், 1980இல் இந்தக் கோளாறு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் தனிப் பெயரோடு இடம்பெற்றது.

இரவு இரண்டு மணியும் அலமாரித் துப்பாக்கியும்

இதை எல்லாவற்றுக்கும் முன்னால் எழுதியிருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். நீங்கள் என்னை நம்பிப் படிக்கத் தொடங்கிய பிறகு சொல்ல வேண்டும் என்றுதான் இங்கே வைத்தேன். கடிதத்தில் இரண்டு விஷயங்களை ஒவ்வொரு வரியில் கடந்து போயிருக்கிறீர்கள். ஒன்று, கனவில் விழித்ததும் இரவு இரண்டு மணிக்கு நான்குவழிச் சாலைக்குப் போய் வண்டியை முழு வேகத்தில் விடுவது, “அப்போது என்ன ஆனாலும் ஆகட்டும் என்றிருக்கும்” என்பது. இன்னொன்று, அந்த இரட்டைக்குழல் துப்பாக்கி படுக்கையறை அலமாரியில் இருப்பது.

நேரடியாகவே கேட்கிறேன். செத்துப்போய்விடலாம் என்ற எண்ணம் வருகிறதா? இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். முளைக்காது. மறைத்து வைத்திருந்ததைச் சொல்ல ஒரு வாசல் திறக்கும், அவ்வளவுதான். உங்கள் பதில் ‘ஆம்’ என்றாலும், ‘சில நேரம்’ என்றாலும், இதைப் படித்து முடித்ததும் மனைவியிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. எண்ணம் வலுத்துவிட்டால் தொலைபேசியோடு நிறுத்தாமல், அருகிலிருக்கும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

பதில் ‘இல்லை’ என்றாலும் துப்பாக்கி இப்போது வீட்டில் இருக்கக் கூடாது. தோட்டாவைத் தனியாகப் பூட்டி வைத்தால் போதும் என்பீர்கள். போதாது. சாவி உங்களிடம்தானே இருக்கும்? தற்கொலை எண்ணம் பலருக்கு அலையாக வந்து சில நிமிடங்களில், சில மணி நேரத்தில் தணியக்கூடியது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இல்லாதிருந்தால் உயிர் தங்கிவிடும். தேர்தல் நேரத்தில் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குவது உங்களுக்குத் தெரிந்த நடைமுறை. மற்ற நேரத்திலும் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைத்து வைக்கலாம், ஆயுதச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. வங்கி வேலைக்கு என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. உங்களைப் பணியில் வைத்திருக்கும் காவல் ஏஜென்சியிடம் ஆயுதம் இல்லாத காவல் பணி கேளுங்கள். சம்பளம் குறையலாம். குறைந்தாலும் பரவாயில்லை என்றுதான் சொல்வேன்.

இரவில் வண்டிச் சாவி மனைவியிடம் இருக்கட்டும். ராணுவ கேண்டீனில் வாங்கும் ரம் பற்றியும் ஒரு வார்த்தை. அது தூங்க வைப்பது போலத் தோன்றும், பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்துக் கனவுகளைக் கிளப்பிவிடும். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சுக்கே ஆபத்து. யாரோ கொடுத்த தூக்க மாத்திரையை வைத்திருக்கிறீர்கள் என்றால், அதையும் மருத்துவரிடம் காட்டாமல் போடாதீர்கள்.

பென்ஷன் நிற்குமா?

நிற்காது. 24 ஆண்டுகள் பணி செய்து சம்பாதித்த சேவை ஓய்வூதியம் அது. மனநலச் சிகிச்சை எடுத்ததற்காக அதைப் பிடித்து வைக்க முடியாது. உங்கள் ஈ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டையிலேயே இந்தச் சிகிச்சை அடக்கம். அத்திட்டத்தின் பாலிகிளினிக்குக்குப் போய், தூக்கமில்லை, கனவு வருகிறது, மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைக்குப் பரிந்துரைச் சீட்டு வாங்குங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் நோய் விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையை உங்களுக்குத் தந்திருக்கிறது. சட்டம் குறிப்பிடும் சில விதிவிலக்குகள் தவிர, உங்கள் சம்மதம் இல்லாமல் மருத்துவர் ஏஜென்சிக்கோ உறவினருக்கோ சொல்ல முடியாது.

ஓட்டுநர் உரிமமும் மனநல மருத்துவரைப் பார்த்ததாலேயே பறிபோகாது. ஆனால் புது மாத்திரை தொடங்கிய முதல் ஒன்றிரண்டு வாரம் மந்தமாக இருக்கலாம். அந்த நாட்களில் வண்டியைத் தொட வேண்டாம், மருத்துவர் சரி என்ற பிறகு ஓட்டுங்கள். துப்பாக்கி உரிமம் மட்டும் வேறு கதை. அதை வழங்குவதிலும் புதுப்பிப்பதிலும் சட்டம் மனநலத்தைக் கணக்கில் எடுக்கும். அந்த உரிமம் பாதிக்கப்படாது என்று பொய் சொல்லி உங்களை மருத்துவமனைக்கு அனுப்ப எனக்கு விருப்பமில்லை. உயிரையும் உரிமத்தையும் தராசில் வைத்தால் எது கனம் என்று நீங்களே பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். பணியால் வந்த நோய்க்கு ஊனமுற்றோர் ஓய்வூதியம் கோரும் வழி இருக்கிறது. சேரும்போது குறிப்பிடப்படாத நோய் பின்னால் வந்து அதனால் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டால், அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்ற அனுமானத்தை, 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. நீங்கள் நோய் பதிவாகாமல் இயல்பாக ஓய்வு பெற்றவர், ஆண்டுகளும் கடந்துவிட்டன. எனவே உங்கள் நிலை அவ்வளவு எளிதல்ல. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். தேவைப்பட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் வழக்கு நடத்திப் பழகிய வழக்கறிஞரைப் பாருங்கள். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். மருத்துவக் குறிப்பு இல்லாமல் எந்தக் கோரிக்கையும் நகராது.

ஆறு லட்சமும் பட்டறையும்

எண்ணம் உயர்ந்தது. பணத்தை இப்போது போட வேண்டாம். மகள் படிப்பு முடியவில்லை, வங்கி வேலையிலும் மாற்றம் வரப்போகிறது. அதைவிட முக்கியமாக, உதிரிபாகச் செலவும் கரண்ட் பில்லும் “எப்போது முடியும்” என்ற கேள்வியும் வந்துவிட்டால், அமைதி தரும் இடமே சுமையாகிவிடும். நீங்கள் தொட்ட வண்டி ஒன்று நாளை எங்கோ விழுந்தால், அதை உங்கள் மனம் எப்படி எடுத்துக்கொள்ளும் என்று யோசித்துப் பாருங்கள். இன்றைய நிலையில் அதைத் தாங்க உங்களுக்குத் துணை வேண்டும்.

அதனால் செலவில்லாமல் ஒரு மாற்றம் செய்யுங்கள். ராணுவப் பட்டறையில் வேலை பார்த்தவர் ஒருவர், சோதித்துக் கையெழுத்துப் போடுபவர் இன்னொருவர் அல்லவா? அதையே கொட்டகைக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் அட்டை. செய்த வேலையை நீங்கள் எழுதுங்கள், நண்பர் ஒருவர் சோதித்துக் கையெழுத்திடட்டும். கையெழுத்தான பிறகு அந்த வண்டியின் நட்டை நீங்கள் தொடக் கூடாது, அன்றே கொடுத்துவிட வேண்டும், வீடு சேர்ந்தாரா என்று ஒருமுறைக்கு மேல் கேட்கக் கூடாது. முதலில் நெஞ்சு படபடக்கும். தொடாமல் இருந்தால் அது தானாக இறங்குவதைக் காண்பீர்கள். உளவியலாளரிடம் இந்த அட்டை முறையைச் சொல்லுங்கள், அவர் இதைச் சிகிச்சையின் பகுதியாகவே சேர்த்துக்கொள்வார். சாக்கு மூட்டையைக் கண்டு ஒடிக்கும் பழக்கத்தையும் அப்படித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். முதலில் ஊர்த் தெருவில், மெதுவாக. நெடுஞ்சாலையில் தனியாகச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

ஞாயிறு பயணத்துக்கும் சில கட்டுப்பாடுகள் வேண்டும். பகலில் மட்டும், எல்லோருக்கும் ஹெல்மெட், முந்தின இரவு மது அருந்தியவர் அன்று ஓட்டக் கூடாது, மெதுவாக ஓட்டுபவரின் வேகமே எல்லோருக்கும் வேகம். ஓராண்டு இப்படி நடந்து, உங்கள் தூக்கமும் தேறினால், சங்கமாகப் பதிவு செய்வதை யோசிக்கலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் போதும், உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள். செலவும் பொறுப்பும் பகிரப்படும்.

உங்கள் மனைவியின் பக்கம்

அவர் வண்டிக்கு எதிரி என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரவு இரண்டு மணிக்கு வண்டி கிளம்பும் சத்தம் கேட்டுவிட்டு, திரும்பி வரும்வரை கண்விழித்துக் கிடப்பவர் அவர். ‘விற்றுவிடுங்கள்’ என்ற சொல்லில் இருப்பது அந்தப் பயம். மலைக்குப் போய்வந்த ஞாயிறன்று மனம் லேசாக இருக்கிறது என்கிறீர்கள், அதே மாலையில் தட்டு கீழே விழுந்த சத்தத்துக்கு மகளிடம் கத்தியதையும் எழுதியிருக்கிறீர்கள். வண்டி உங்களுக்கு எவ்வளவு உதவுகிறது என்பதை மலைமேல் அளக்காதீர்கள், அன்று இரவு வீட்டில் அளந்து பாருங்கள். எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், எத்தனை முறை கத்தினீர்கள், கல்யாண மண்டபத்தில் கதவுக்கு முதுகு காட்டிப் பதற்றமில்லாமல் உட்கார முடிந்ததா என்று ஒரு நோட்டில் இரண்டு வாரம் குறித்துவையுங்கள். மனைவியும் தன் பங்குக்குக் குறிக்கட்டும். மருத்துவர் கேட்கப்போவது இவைதான்.

பாலிகிளினிக்குக்கு அவரையும் அழைத்துப் போங்கள். மருத்துவர் முன் உட்கார்ந்ததும் “ஒன்றுமில்லை சார், தூக்கம்தான் சரியில்லை” என்று சுருக்கிவிடுவது பட்டாளத்துக்காரர்களின் வழக்கம். அவர் பக்கத்தில் இருந்தால் முழுதும் சொல்லப்படும். மகளை வண்டியில் ஏறச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். அவளுக்கு நம்பிக்கை வரும்போது அவளே கேட்பாள், கேட்காவிட்டாலும் அது அவள் உரிமை.

கடைசியாக, கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்த அந்த இளைஞர். இரண்டு மாதமாகக் கொட்டகைக்கு வரவில்லை, போனை எடுப்பதில்லை, தன் வண்டியை யாருக்கோ சும்மா கொடுத்துவிட்டார் என்கிறீர்கள். அருமையாக வைத்திருந்த பொருளை ஒருவர் திடீரென்று தானமாகக் கொடுப்பதை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. அடுத்த ஞாயிறுவரை காத்திருக்காதீர்கள். துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, நண்பர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு இன்றே அவர் வீட்டுக்குப் போங்கள். நான் உங்களிடம் கேட்ட அதே கேள்வியை அவரிடமும் நேரடியாகக் கேளுங்கள். ‘ஆம்’ என்றால் அவரைத் தனியாக விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ‘இல்லை’ என்றால், கொட்டகையில் சோதித்துக் கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டியிருக்கிறது என்று சொல்லிக் கூப்பிடுங்கள்.